புதருக்குள் கேட்கும் பூனைக்குரல்

ஜூன் பிறந்தால் நியூஜெர்சியில் நான் வேலை பார்க்கும் காட்டுயிர் மறுவாழ்வு மையத்துக்கு அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். திறந்தால் பல நாள் கேட்பேர்டு என்ற பறவையின் குஞ்சுதான். சாம்பல் நிறம், குட்டை வால், பறக்கவும் சரியாக வராது. “கூட்டிலிருந்து விழுந்துவிட்டது, தாயைக் காணோம்” என்பார்கள்.

அது விழவில்லை, இறங்கியிருக்கிறது. பொரித்த பத்துப் பதினொரு நாளிலேயே கூட்டைவிட்டு வந்து, புதருக்கடியில் ஒளிந்து வளரும் பறவை அது. தாயும் தகப்பனும் பூச்சி பிடித்துவந்து ஊட்டும். நாம் பக்கத்தில் நின்றால் அவை கிட்டே வராது. எடுக்காதீர்கள், தள்ளிப் போய்விடுங்கள்.

வளர்ந்த பறவையைப் பலர் கேட்டிருப்பார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். கருஞ்சாம்பல் உடல், கறுப்புத் தொப்பி, வாலடியில் செங்கல் நிறம். புதருக்குள்ளிருந்து பூனைபோலக் கத்தும். ஆண் பாட உட்கார்ந்தால் மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் கோத்துப் பத்து நிமிடம்கூட விடாமல் பாடும். எனக்கு அலுத்ததே இல்லை.

வேலியோரத்தில் நமக்குக் குப்பையாகத் தெரியும் அடர்ந்த புதர்தான் அதற்கு வீடு. பெரும்பாலும் நம் தலை உயரத்துக்குள்தான் கூடு. உள்ளே மூன்று நான்கு நீலப்பச்சை முட்டைகள். அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும் கௌபேர்டு என்ற பறவை இதில் திருட்டுத்தனமாக முட்டையிட்டால், கேட்பேர்டு கண்டுபிடித்து அந்த முட்டையை வெளியே தள்ளிவிடும். ஆனால் புதரை வெட்டிவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

அப்புறம் பூனை. வாஷிங்டன் புறநகர்களில் கேட்பேர்டு குஞ்சுகளைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், செத்த குஞ்சுகளில் பெரும்பாலானவை வேறு விலங்குக்கு இரையானவை. கொன்றவற்றில் முதலிடம் பூனைக்கு. ஒருமுறை “காயமே இல்லை” என்று ஒரு குஞ்சைக் கொடுத்தார்கள். சிறகடி இறகை ஊதி விலக்கினேன். ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளிகள். பூனையின் வாயிலுள்ள பாக்டீரியா அதன் வழியே ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். முதல் நாள் இரவு ரொட்டியும் பாலும் ஊட்டிவிட்டு மறுநாள்தான் கொண்டுவந்திருந்தார்கள். பிழைக்கவில்லை.

பூனை கவ்வியது என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். மூடிய பெட்டியில் வைத்து, தண்ணீர்கூடப் புகட்டாமல், அன்றைக்கே மையத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி குற்றம்.

புதரை வெட்டத்தான் வேண்டுமென்றால் நவம்பருக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குள் பெரும்பாலானவை மெக்சிகோ வளைகுடாக் கரைக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் போயிருக்கும். வேரோடு பிடுங்காதீர்கள், வசந்தத்தில் அந்தப் பறவைகள் திரும்பி வரும்.