கஜா கரையேறிய இரவைத் தேடுவது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலை, பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் இடையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அந்த நேரத்தில் டெல்டாக்காரர்கள் ட்விட்டரில், அதாவது இன்றைய எக்ஸில், என்ன எழுதினார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறீர்கள். மேம்பட்ட தேடலைத் திறந்து ‘கஜா’ என்று போட்டு, தொடக்கத் தேதி நவம்பர் 16 என்று கொடுக்கிறீர்கள். சாய்ந்த தென்னை, அறுந்த கரன்ட் கம்பி, ஓடு பறந்த வீடு என்று பதிவுகள் வரும். எல்லாமே விடிந்த பிறகு போட்டவை. காற்று அடித்த அந்த இரண்டு மணி நேரம் மட்டும் இருக்காது.

அந்தத் தேதி வடிகட்டி உலகப் பொது நேரத்தில் ஓடுவதுதான் காரணம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. வேதாரண்யத்தில் 16-ஆம் தேதி அதிகாலை ஒரு மணி என்றால், தேடுபொறிக்கு அது 15-ஆம் தேதி இரவு ஏழரை. ஆகவே தொடக்கம் 15 என்றுதான் கொடுக்க வேண்டும். முடிவுத் தேதியில் இன்னொரு குழி இருக்கிறது: நீங்கள் கொடுக்கும் நாள் கணக்கில் சேராது. 16 முழுவதும் வேண்டுமானால் 17 என்று போடுங்கள்.

சரி, கோடிக்கணக்கான பதிவுகளில் இதை எப்படி நொடியில் எடுக்கிறது? சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே யாரும் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக ஓர் அட்டவணை என்று பதியும்போதே எழுதி வைத்துவிடுகிறார்கள். தேடுபொறியும் அப்படித்தான். பதிவு ஏறிய உடனேயே அதைச் சொல் சொல்லாக உடைத்து, ‘கஜா’ என்ற சொல்லின் பட்டியலில் அந்தப் பதிவின் எண்ணைச் சேர்த்துவிடும். எழுதிய கணக்குக்கு ஒரு பட்டியல், படம் உள்ளவற்றுக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று. நீங்கள் மூன்று வடிகட்டி போட்டால், மூன்று பட்டியலிலும் இருக்கும் எண்கள் மட்டும் மிஞ்சும். 2006 முதல் வந்த எல்லாப் பொதுப் பதிவுகளையும் 2014-இல்தான் ட்விட்டர் இப்படி அட்டவணைப்படுத்தி முடித்தது. அப்போதே சுமார் ஐம்பதாயிரம் கோடி பதிவுகள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த எண்தான். 2010 நவம்பர் முதல் ஒவ்வொரு பதிவுக்கும் 64 பிட் எண் ஒன்று தருகிறார்கள். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம். அதில் 41 பிட்கள், பதிவு ஏறிய நேரத்தை மில்லிசெகண்ட் வரை சொல்லும். பெரிய எண் என்றால் புதிய பதிவு. பட்டியல் நேர வரிசையிலேயே இருந்தால், தேதி கேட்டவருக்கு இரண்டு இடத்தில் வெட்டிக் கொடுத்தால் போதும். வடிகட்டிகளிலேயே நம்பகமானது தேதிதான் என்பேன், அப்புறம் கணக்குப் பெயர். சொல்லைத்தான் நம்ப முடியாது, தமிழில் இன்னும் மோசம்.

‘வேதாரண்யம்’ என்று தேடினால் ‘வேதாரண்யத்துல’ என்று எழுதியவர் சிக்காமல் போகலாம். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் மாறாமல் நிற்கும், நம்மிடம் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு சொல்லே வேறாகிவிடும். போதாததற்கு தஞ்சாவூர் தஞ்சை, நாகப்பட்டினம் நாகை, மன்னார்குடி மன்னை. ‘கொள்ளிடம்’ என்பதன் ‘கொ’வை யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடுமுன் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாத இடத்தில், கண்முன் இருப்பதே கிடைக்காது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்கள் தனிக் கதை. மொழி வடிகட்டியைத் தமிழ் என்று வைத்தால் அவர்களில் பெரும்பாலோர் காணாமல் போவார்கள்.

கடைமடையில் இருப்பவர் ‘காவிரி நீர் வந்து சேரவில்லை’ என்று எழுத மாட்டார். ‘இன்னும் தண்ணி வரல’ என்பார். ஆகவே சொல்லைக் குறைத்துத் தேதியை இறுக்குவதுதான் புத்திசாலித்தனம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆனால் 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அந்த ஆண்டைத் தேடுபவர் ஆகஸ்ட் முதல் இரண்டு வாரத்தை வைத்துக்கொண்டு, ‘தண்ணி’ அல்லது ‘தண்ணீர்’ என்று மட்டும் போட்டு, படம் உள்ளவை என்று வடிகட்டட்டும். ‘அல்லது’ என்பதற்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘OR’ என்று எழுத வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் அதையும் ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

இடத்தைக் கொடுத்துத் தேடும் வசதியை நான் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலான பதிவுகளில் இடக்குறி கிடையாது. துல்லியமான இடத்தை ஒட்டும் வசதியை 2019-இலேயே ட்விட்டர் எடுத்துவிட்டது. சுயவிவரத்தில் உள்ள ஊரை நம்பினால், மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர் போனவர் எந்த ஊர்க்காரர்? ஊர்ப்பெயரைச் சொல்லாகவே போடுவது மேல், மேலே சொன்ன தொல்லைகளோடு.

இன்னொன்று, முறை வைத்துத் தண்ணீர் விடும் சேதி, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிய படம் எல்லாம் டெல்டாவில் அதிகம் ஓடுவது வாட்ஸ்அப்பில்தான். அங்கே செய்திகள் மறையாக்கத்தில், அதாவது அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டிப் போவதால் நிறுவனத்திடம் தேடுவதற்கு அட்டவணை இல்லை. தேடல் உங்கள் கைபேசிக்குள்ளேயே நடக்கிறது. 2024 முதல் ஆண்ட்ராய்டிலும் தேதி வைத்துத் தேடலாம். ஆனால் காப்பு எடுக்காமல் கைபேசியை மாற்றியவருக்கு எந்த வடிகட்டியும் உதவாது. பழைய படம் வேண்டுமானால் குழுவில் கேட்க வேண்டியதுதான், யாராவது அழிக்காமல் வைத்திருப்பார்கள்.