ஏரியின் அழகும் அதன் கரையும்

போன ஆகஸ்டில், புல்லெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடந்த சமயம், இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையின் பூங்காவுக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். ஏரியை ஒட்டிய மேட்டின் வெளிச்சரிவில், அடிவாரத்தில், ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. தோட்டப் பொறுப்பாளருக்கு அதில் பெருமை. எந்த வறட்சியிலும் அந்த இடம் வாடாதாம். பூட்ஸ் காலால் அழுத்தினேன். தண்ணீர் மேலே வந்தது.

"இது கரை" என்றேன். இருபது வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர் நம்பவில்லை. இயற்கையான மேடு என்றே நினைத்திருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே அப்படிக் கட்டினார்கள்! ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள பிளெனிம் அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1705இல் கட்டத் தொடங்கிய அந்த அரண்மனையின் முன்னால் ஓடியது கிளைம் என்ற சின்ன ஓடை. அதன் குறுக்கே கட்டடக் கலைஞர் ஜான் வான்பரோ, உள்ளே அறைகளெல்லாம் வைத்து, ஒரு பிரம்மாண்டமான பாலம் எழுப்பினார். ஓடைக்கு இவ்வளவு பெரிய பாலமா என்று ஊரே சிரித்தது. 1764 வாக்கில் பூங்கா வடிவமைப்பாளர் 'கேப்பபிலிட்டி' பிரவுன் வந்தார். பிளாடன் கிராமத்துப் பக்கம் ஓடையை மறித்துக் கரை போட்டார். பள்ளத்தாக்கு நிரம்பியது; பாலத்தின் கீழ் அறைகள் மூழ்கின. இன்று பார்ப்பவர்கள் ஏரிக்காகத்தான் பாலம் கட்டியதாக நினைக்கிறார்கள். உண்மையில் பாலம் ஏரிக்கு அரை நூற்றாண்டு மூத்தது.

ஏரியின் முடிவு கண்ணில் படாதபடி வளைத்து, மரங்களால் மறைத்து, ஆறு ஓடுவதுபோலக் காட்டுவது பிரவுனின் கைவண்ணம். ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலிங்கைக்கூடப் பாறை அருவியாக மாற்றிவிட்டார். இந்த பாணி பரவி, நூற்றுக்கணக்கான மாளிகைகளுக்கு இப்படி ஏரிகள் வந்தன. கரைகளுக்கு வயது இருநூறு, இருநூற்றைம்பது. பல இடங்களில் உள்ளே இருப்பது தண்ணீர் விட்டு மிதித்துப் பிசைந்த களிமண். காய்ந்தால் அது வெடிக்கும். அப்புறம் கரைமேல் வளர்ந்த மரங்கள். பட்டுப்போன மரத்தின் வேர் மட்கியதும் அந்த வழி தண்ணீருக்குக் குழாயாகிவிடும். வளை தோண்டும் பேட்ஜர் என்ற காட்டு விலங்கு வேறு. அதன் வளையில் கைவைக்க வேண்டுமானால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும்! ஏரிக்குள் வண்டலும் படியும். பிளெனிமிலேயே ஓடை வந்து சேரும் பக்கம், பாலத்துக்கு முன்னால் உள்ள குயின் பூல் என்ற ஏரிப்பகுதி தூர்ந்து, சமீப ஆண்டுகளில் தூர்வார வேண்டி வந்தது.

1925 நவம்பரில் வேல்ஸில் டால்காரோக் கிராமத்துக்கு மேலே அணைகள் உடைந்து 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1930இல் நீர்த்தேக்கப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்தது. இப்போது நடப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்தில் நிலமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டருக்கு அதிகமாகத் தண்ணீர் தேங்கும் ஏரிகள் அதற்குள் வரும். உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்று வகைப்படுத்தியவற்றைக் குறைந்தது 10 ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர் ஆய்வு செய்தாக வேண்டும். என் கவலை அதைவிடச் சின்ன ஏரிகள்தான். அவற்றைப் பார்க்க யாருமில்லை. கீழே மட்டும் வீடுகள் இருக்கும்.

அந்தப் பச்சைத் திட்டுக்கு வருகிறேன். கசிவு என்றாலே உடைப்பு என்று பதற வேண்டாம். மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தாலோ திடீரென்று கூடினாலோ உள்ளிருந்து மண் அரிக்கிறது என்று பொருள். அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். மதகு திறக்கிறதா, கலிங்கில் கிளைகள் அடைத்திருக்கின்றனவா என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். புல்லை வெட்டி வையுங்கள். உயரப் புல்லுக்குள் எந்த ஈரமும் தெரியாது.

அங்கே கசிவை ஒரு சிறு குழாய் வழியாக வாளியில் விழச் செய்தோம். வாளி நிறைய எத்தனை நொடி, தண்ணீர் என்ன நிறம் என்று வாரம் ஒருமுறை பொறுப்பாளர் குறித்து வைக்கிறார். அடுத்த முறை போனபோது நோட்டை நீட்டினார். எல்லா வாரமும் 'தெளிவு'. ஒரு வாரம் மட்டும் 'சந்தேகம்' என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு ஜாம் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்திருந்தார்.