பாஸ்டரம்மாவுக்குக் கார்டு இல்லை

எங்கள் கிளினிக்கில் கணினி வந்து பல வருடமாகிவிட்டது. ஆனாலும் கவுண்டரில் இருக்கும் அக்கா மஞ்சள் கார்டில் பெயரெழுதி அலமாரியில் செருகினால்தான் ஒருவர் நோயாளி ஆனதாக ஒத்துக்கொள்வார். ஒரு நாள் அவர்தான் கேட்டார்: “டாக்டர், அந்த பாஸ்டரம்மா மாசம் தவறாம வர்றாங்க. அவங்க பேர்ல கார்டே இல்லையே?”

தேடிப் பார்த்தேன். கணவருக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று. சபையில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியை பிரஷர் பார்க்க அவர்தான் கூட்டி வருவார், அந்தப் பாட்டிக்கும் ஒன்று. இரண்டு வருடமாக எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகும் அவருக்கு மட்டும் இல்லை.

இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. மலேசியாவின் பினாங்கில் நான் பார்த்த பல ஊழியக் குடும்பங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன். நான் கிறிஸ்துவள் இல்லை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறுகிறவள். அதனால் ஊழியத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வரவில்லை. அதைச் செய்கிறவர்களின் உடம்பைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

திருநெல்வேலிப் பக்கமிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ ஒரு குடும்பம் மிஷனரியாகப் பினாங்குக்கு வந்தால், ஊரில் உள்ளவர்களுக்கு அது ஃபாரின். கடற்கரை, பாலம், மாலையில் குர்னி டிரைவில் காற்று. இங்கே அவர்களுடைய நாள் வேறு மாதிரி. ஞாயிறு காலை தமிழ் ஆராதனை, மதியம் சபையாரோடு சாப்பாடு, சாயங்காலம் பட்டர்வொர்த் பக்கம் ஒரு வீட்டுக் கூட்டம். திங்கள் ஓய்வு என்று பெயர்தான். மரணமும் ஆஸ்பத்திரி அட்மிஷனும் திங்களைப் பார்த்தா வருகின்றன? செவ்வாயிலிருந்து வீடு சந்திப்பு, வெள்ளி உபவாச ஜெபம், சனி ஓய்வுநாள் பாடசாலைக்கான ஆயத்தம். நடுவில் எப்போது வேண்டுமானாலும் கதவு தட்டப்படும். கதவைத் திறப்பது, தேநீர் போடுவது, அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பது எல்லாம் பாஸ்டரம்மா.

நான் சொல்லும் பாஸ்டரம்மா ஊரில் கணக்கு டீச்சர். இங்கே கணவர் ஊழியத்துக்கான வருகைப் பாஸில், அதாவது விசா மாதிரியான அனுமதியில், இருக்கிறார், இவர் அவரைச் சார்ந்தவராக வந்திருக்கிறார். அந்தப் பாஸை வைத்து வேலைக்குப் போக முடியாது. சபைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லித் தருகிறார். சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாததால் அதை வேலை என்று யாரும் எண்ணுவதும் இல்லை, அவர் உட்பட.

கார்டு போட்ட அன்றைக்கே இரத்தம் எடுத்தோம். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. 6.5 வந்தாலே நீரிழிவு. ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பதை ஜெபிக்க எழுப்புகிறார் கர்த்தர் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு.

இந்த ஊரில் சர்க்கரை அபூர்வம் இல்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். அதோடு வீடு சந்திப்பைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு மாலையில் ஐந்து வீடு என்றால் கெட்டிப் பால் ஊற்றிய ஐந்து தே, அதாவது தேநீர். கூடவே கேசரி, முறுக்கு. வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மனசு நோகும். புதிதாக வரும் ஊழியக் குடும்பங்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுக்கும் மலாய் மூன்று சொல்: தே ஓ கோசோங். பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் வெறும் தேநீர். கடையிலும் செல்லும், வீட்டிலும் செல்லும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஆளை ஏமாற்றும். ஊரிலிருந்து கொண்டுவரும் குளுக்கோமீட்டர் மில்லிகிராமில் காட்டும், இங்கே வாங்குவது மில்லிமோலில் காட்டும். “எனக்கு பதினொண்ணுதான் இருக்கு” என்று போனில் சொன்னால் ஊரில் மாமியார் ஸ்தோத்திரம் சொல்கிறார். 11ஐ 18ஆல் பெருக்குங்கள். ஊர் மில்லிகிராம் கணக்கில் 198.

ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்? பணம் ஒரு காரணம். குடியுரிமை உள்ளவர் அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கொடுத்து டாக்டரைப் பார்த்துவிடலாம், வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது, கூடுதல்தான். அனுப்பிய ஸ்தாபனம் காப்புறுதி எடுத்திருக்கும், ஆனால் பலவற்றில் வார்டில் சேர்ந்தால்தான் பணம் வரும். கிளம்புவதற்கு முன்பே வெளிநோயாளி செலவுக்கும் மனநல சிகிச்சைக்கும் இடமிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய காரணம் வேறு. நோயாளிகளுக்காக ஜெபிக்கிறவர் வீட்டிலேயே நோயா என்று சபை பேசுமோ என்ற பயம். தலைமையகத்துக்குத் தெரிந்தால் திரும்பி வரச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். நான் கேட்பது இரண்டே கேள்வி: கடந்த ஒரு மாதத்தில் மனசு அடிக்கடி சோர்ந்து போனதா? வழக்கமாகப் பிடித்த விஷயங்களில் ஆர்வம் போய்விட்டதா? இரண்டாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம், “நான் யார்கிட்ட டாக்டர் சொல்றது? இங்க எனக்குத் தெரிஞ்ச எல்லாருமே அவரோட சபைதானே” என்றார்.

அவரை ஒரு ஆலோசகரிடம் அனுப்பினேன், வேண்டுமென்றே சபைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம். உடனே அப்படி ஆள் கிடைக்காதவர்கள் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555ஐக் கூப்பிடலாம். ஊழியர்களை அனுப்பும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மாதாந்தர அறிக்கையில் எத்தனை வீடு, எத்தனை கூட்டம் என்று கேட்கிறீர்கள் அல்லவா, மனைவியிடம் நேராக, தனியாக, அவருடைய தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். கணவர் வழியாகக் கேட்டால் “நல்லா இருக்கா” என்றுதான் பதில் வரும்.

பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம். பெற்றோரின் ஊரும் முழுசாகத் தன்னுடையதில்லை, வளரும் ஊரும் இல்லை என்று வளர்கிறவர்களை ‘மூன்றாம் கலாசாரப் பிள்ளைகள்’ என்பார்கள். ரூத் யூசீம் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது உருவான சொல் அது. பினாங்குக்கு இது புதிதில்லை. வியட்நாமின் தாலாட் மலைநகரில் மிஷனரி பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, போரால் இடம்பெயர்ந்து, 1971ல் இங்கே வந்து இன்றும் அதே தாலாட் பெயரோடு தஞ்சோங் பூங்காவில் நடக்கிறது. நம் தமிழ் மிஷனரி பிள்ளைகளின் சங்கடம் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. இவர்கள் தோற்றத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகளேதான். வாயைத் திறந்தால்தான் வித்தியாசம். இங்கே ‘இந்தியாக்காரப் பையன்’, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ‘மலேசியாக்காரன்’. இந்த ஊர் வழக்கப்படி வாக்கியக் கடைசியில் “லா” போட்டுப் பேசினால் சித்தப்பா பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பத்து வயதுப் பையன் திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி என்று வந்தால், ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன் பள்ளியில் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிடுவேன்.

ஜார்ஜ்டவுனில் சுல்தான் அகமது ஷா சாலையில் பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறை இருக்கிறது. 1816ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கிய பாதிரியார் ஹட்ச்சிங்ஸ் 1827ல் மலேரியாவில் இறந்து அங்கேதான் கிடக்கிறார். அந்தக் காலத்தில் ஊழியக்காரரைக் காய்ச்சல் கொண்டுபோனது. இப்போது சர்க்கரை, பிரஷர், தூக்கமின்மை. மெதுவாக வருவதால் யாரும் பயப்படுவதில்லை.

கடைசியாக உபவாசம். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே முஸ்லிம் நோயாளிகளை உட்காரவைத்து மருந்து நேரத்தை மாற்றி எழுதித் தருவோம், இந்த நாட்டு டாக்டர்களுக்கு அது பழக்கம். ஆனால் ஒரு பாஸ்டரிடம் “வாரத்தில் எத்தனை நாள் சாப்பிடாமல் இருப்பீங்க?” என்று யாரும் கேட்பதில்லை, நானும் பல வருடம் கேட்டதில்லை. ஒருவர் காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரை போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை முழுக்கப் பட்டினி. மூன்று மணிக்கு ஜெபத்தில் உடம்பு நடுங்கி, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. சுற்றி நின்றவர்கள் ஆவியானவரின் அசைவு என்று இன்னும் உரக்க ஜெபித்தார்களாம். அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சர்க்கரை 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் அந்த இடத்திலேயே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட வேண்டும், உபவாசம் அதோடு முடிந்தது. மெட்ஃபார்மின் என்ற இன்னொரு நீரிழிவு மாத்திரை மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படித் தாழ்ந்து போவது அரிது. எதுவானாலும் மருந்தைத் தானாக நிறுத்தாமல், உபவாச நாளை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பாஸ்டரம்மாவின் கார்டில் மேல் மூலையில் சிவப்பு மையில் ‘வெள்ளி உபவாசம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுத்து சரியில்லாமல் முதல் சொல் மட்டும்தான் தெளிவாகத் தெரியும். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, எத்தனை வெள்ளி பாக்கி என்று அவரிடமே கேட்டிருக்கிறாள்.