பாம்புக்கடி: ஊசி இலவசம், பதிவு கட்டாயம்

ராமநாதபுரம் கடற்கரையில் பாம்புக்கடி எப்போதோ ஒருமுறை நடக்கிற விஷயம் இல்லை. கருவேலம் விறகு வெட்டுகிறவர், கரிமூட்டம் போடுகிறவர், விடியுமுன் பனங்காட்டுக்குள் நடக்கிற பனையேறி, இருட்டில் வலை பிரிக்கிற மீனவர் என வெறுங்காலோடும் வெறுங்கையோடும் பாடுபடுகிற எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. கடிபட்டால் இவர்களுக்கு அரசு விதிப்படி என்ன கிடைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் மருந்து. விஷமுறிவு ஊசி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். ராமநாதபுரம் டவுன் வரை போனால்தான் கிடைக்கும் என்றில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். 108 ஆம்புலன்ஸும் இலவசம். கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டுவதோ, கீறுவதோ, மந்திரிக்கக் கூட்டிப் போவதோ வேண்டாம். கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போகவும் தேவையில்லை. அறிகுறியைப் பார்த்தே சிகிச்சை செய்வார்கள்.

ஆஸ்பத்திரியில் அடிக்கடி சண்டை வருகிற இடம் ஒன்று உண்டு. "கடிபட்டு வந்திருக்கிறோம், ஊசி போடாமல் உட்கார வைத்திருக்கிறார்களே" என்று உறவினர்கள் பதறுவார்கள். அந்த நேரத்தில் ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கும். கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைப்பார்கள். அப்புறம் குழாயைச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்திருந்தால் சரி. தண்ணீராக வழிந்தால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் விஷம் உடம்பில் ஏறிவிட்டது, ஊசி உடனே தேவை. கண் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, மூச்சு திணறுகிறதா என்றும் பார்ப்பார்கள். அது நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷத்தின் அடையாளம். கடித்த எல்லாப் பாம்பும் விஷம் ஏற்றியிருக்காது. மருந்திலேயே ஒவ்வாமை ஆபத்து இருப்பதால்தான் இந்தக் கவனம். ஊசி தேவைப்பட்டால் முதல் தடவையிலேயே 10 குப்பி வரை ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் உள்ளே போன விஷம் அதே விஷம். "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா?" என்று தடுக்காதீர்கள்.

இந்த மருந்துக்கு வேண்டிய விஷம் நம் மாநிலத்திலிருந்தே போகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், அரசு அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறது. அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தால் அதுவே மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கும் சேர்த்துத்தான் ஒரு குப்பி.

கடல் பாம்பு அந்த நான்கில் இல்லை. மண்டபம், தொண்டி ஊர்களின் மீனவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன். வலையில் மீனோடு சிக்கி வருகிற கடல் பாம்பு கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தசை வலி, இறுக்கம், கறுத்த சிறுநீர் என்று வரும். சிறுநீரகம் கெடும், மூச்சு நிற்கலாம். வழக்கமான ஊசி இதற்குக் கேட்காது. செயற்கை சுவாசமும் டயாலிசிஸும்தான் ஆளைக் காப்பாற்றும். அதனால் கடித்தது கடலில் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு அனுப்ப அது உதவும்.

அடுத்தது பதிவு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் ஒவ்வொரு கடியையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக ஆய்வு மதிப்பீடு உண்டு. 2030-க்குள் இறப்பைப் பாதியாக்குவது ஒன்றிய அரசின் செயல்திட்டம். எந்த ஊரில் எந்தப் பாம்பு கடிக்கிறது என்று தெரியாமல் எங்கே எவ்வளவு மருந்து வைப்பது? ஒரே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறுகிறது என்று ஆராய்ச்சி காட்டுகிறது. கடல் பாம்புக் கடிகளும் கணக்கில் ஏறினால்தான் அதற்கு மருந்து கேட்க நமக்குப் பலம்.

பாம்பு விஷ ஆராய்ச்சியிலிருந்து வேறு மருந்துகளும் வந்திருக்கின்றன. சுருட்டைவிரியன் விஷத்திலுள்ள ஒரு புரதத்தைப் பார்த்து உருவானதுதான் மாரடைப்பு நோயாளிகளுக்குத் தரப்படும் டைரோஃபிபான் என்ற மருந்து. ரத்த அழுத்த மாத்திரை கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷ ஆராய்ச்சியில் பிறந்தது. இரண்டும் தொழிற்சாலையில் செய்யப்படுபவை, பாம்பிலிருந்து கறப்பதில்லை. அதனால் பாம்பு விஷத்துக்கு லட்சக்கணக்கில் பணம் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அனுமதியின்றிப் பாம்பு பிடிப்பது 1972 வனஉயிரினச் சட்டப்படி குற்றம்.

கடைசியாகப் பணம். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். பாம்புக்கடியும் இதில் அடங்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் பதிவான ஆதாரம் வேண்டும். மந்திரிக்கப் போய் வழியிலேயே உயிர் போனால் அந்த ஆதாரம் இருக்காது, குடும்பம் தவித்துப்போகும். அட்மிஷன் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, 30 நாளுக்குள் வங்கியில் விண்ணப்பியுங்கள். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குவதால், மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்துவிடுங்கள்.