மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்தால் காளான் விஷம் போகாது

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு டெங்கு, எலிக்காய்ச்சல், பாம்புக்கடியோடு காளானும் வந்து சேரும். சென்ற வாரம் வடசென்னையில் மணலிப் பக்கமிருந்து ஒரே வீட்டில் ஐந்து பேர். மைதானத்துப் புல்லில் முளைத்ததைப் பறித்துக் குழம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, பேதி. ஏழு வயதுப் பேரனுக்குக் கண் செருகிவிட்டது. ஐவரும் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் குழம்பு வைத்த அந்தப் பையனின் ஆயா சொன்னதைத்தான் ஒவ்வொரு மழைக்கும் யாராவது ஒருவர் என்னிடம் சொல்கிறார்: "மஞ்சள் போட்டுத்தான் கொதிக்க வச்சேன் டாக்டரம்மா, நிறமே மாறல."

விஷக் காளான் என்றால் மஞ்சள் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு நம்பிக்கை. நிறம் மாறாது. எந்த விஷக் காளானைப் போட்டாலும் மாறாது. மஞ்சள் எப்போது சிவக்கும்? சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். காளான் விஷம் சுண்ணாம்பு போல் காரம் இல்லை. அதனால் உயிரைக் குடிக்கிற காளான் குழம்பும் தங்க நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். வெள்ளிக் கொலுசைப் போட்டுப் பார்ப்பதும் இதே கதை. வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். முட்டையில் வைத்தாலும் கறுக்கும். பூண்டு நீலமாகும், அரிசி சிவக்கும் என்பதெல்லாமும் பொய். நத்தை கடித்திருக்கிறது, புழு வைத்திருக்கிறது, அதனால் நல்ல காளான் என்பார்கள். நத்தையின் உடம்பு வேறு, நம் ஈரல் வேறு. வெள்ளையாக இருந்தால் நல்லது என்பதும் தவறு. உலகிலேயே கொடிய காளான்களில் சில பால் வெள்ளை. மிக மோசமான விஷமான அமாடாக்சின் கொதித்தாலும், வறுத்தாலும், வெயிலில் காய்ந்தாலும் அப்படியே இருக்கும்.

அடுத்தது, "ஊர்ல காலங்காலமா சாப்பிட்டிருக்கோம்." சாப்பிட்டிருப்பீர்கள், நான் மறுக்கவில்லை. ஊரில், வந்தவாசி போன்ற கிராமப் பக்கம், நீங்கள் பறித்தது புற்றுக்காளான். கறையான் புற்றிலிருந்து எழும்பும், குடையின் நடுவில் கூம்பு போல் முனை இருக்கும், காம்பு வேர் போல ஆழமாகப் புற்றுக்குள் இறங்கும். மணலியில் நீங்கள் பறித்தது அது இல்லை. அந்தப் பையனின் அப்பா மிச்சத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கையைவிடப் பெரிய வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில்கள், காம்பில் மேலும் கீழும் நகர்கிற ஒரு வளையம். திருப்பிப் பார்த்தால் அடியில் மடல்கள் சாம்பல் பச்சையாக இருந்தன. குளோரோஃபில்லம் என்ற வகை. மைதானம், பூங்கா, பள்ளி வளாகம் என்று புல் இருக்கும் இடமெல்லாம் மழைக்கு வரும். இதில் ஏமாற்று என்னவென்றால், இளசாக இருக்கும்போது அந்த மடலும் வெள்ளையாகவே இருக்கும், பச்சை பிறகுதான் ஏறும். இந்த அடையாளங்களை நம்பிப் பறிக்கப் போகாதீர்கள். நீங்கள் நினைத்ததும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றில்லை என்று காட்டத்தான் சொன்னேன்.

இந்தக் குளோரோஃபில்லம் சீக்கிரம் வாந்தி எடுக்க வைப்பது ஒருவகையில் நல்லது, உடனே ஓடி வருவார்கள். எனக்குப் பயம், வாந்தி தாமதமாக வருவதில்தான். சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்தோ மறுநாளோ வாந்தி, பேதி தொடங்கினால் அமாடாக்சின் என்று சந்தேகப்பட வேண்டும். லெபியோட்டா வகைச் சிறு குடைகள் சிலவற்றிலும் இது உண்டு. ஒரு நாள் படுத்தும், அப்புறம் நின்றுவிடும். நோயாளி எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார். வீட்டில் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். அந்த நேரத்தில் ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். (பயிற்சி மருத்துவர்களுக்கு: முதல் நாள் ஈரல் பரிசோதனை சரியாக இருப்பதைப் பார்த்து டிஸ்சார்ஜ் எழுதாதீர்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு முதல் வாந்தி, இரண்டையும் கேட்டு எழுதுங்கள்.) 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பரம்பரையாகக் காளான் பறிப்பவர்கள்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காளான், முளைக்கும் மண்ணிலிருந்து காட்மியம், ஈயம், பாதரசத்தை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். எண்ணூரில் சாம்பல் படிந்த நிலம், கொடுங்கையூர் குப்பைமேட்டு ஓரம், மணலி ஆலைகளின் சுவரோரம். அங்கே நல்ல காளானே முளைத்தாலும் நான் சாப்பிட மாட்டேன்.

காளானைத் தொட்டால் விஷம் ஏறாது. குழந்தை தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள், போதும். காளானை மிதித்து அழிக்கவும் வேண்டாம், பட்ட மரத்தையும் சருகையும் மண்ணாக்கும் வேலையை அதுதான் செய்கிறது. ஆசையாக இருந்தால் கடையில் சிப்பிக் காளானோ பால் காளானோ வாங்குங்கள். பால் காளான் நம் வெயிலுக்கே நன்றாக வரும். கீற்றுக் கொட்டகையில் வீட்டிலேயே வளர்க்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரகம் இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டீர்களா? உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மோர், எலுமிச்சை, நாட்டு மருந்து என்று நேரத்தைப் போக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மிச்சக் காளானையும் குழம்பையும் கொண்டுவாருங்கள். காளானைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றுங்கள். அப்புறம், தயவுசெய்து, அந்தக் குழம்பைச் சாப்பிட்ட எல்லோரையும் கூட்டிவாருங்கள், "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்பவரையும் சேர்த்து.