பனிமூட்டத்தின் மேல் பழி: மலையகத்தில் டிவி படம் ஏன் உடைகிறது?

இலங்கை மலையகத்தில் விடியற்காலையில் மூட்டம் இறங்கி, தோட்டத்து லய வீட்டுக் கூரையில் நிற்கும் டிஷ்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே நேரம் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகிறது. "மிஸ்ட் இறங்கிட்டா இப்படித்தான்" என்று விட்டுவிடுவது வழக்கம். உண்மையில் அந்தப் பழி மூட்டத்துக்குச் சேராது.

டிஷ் பிடிக்கும் கேயூ பட்டை அலைகள் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ளவை. அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. மூட்டத்தில் மிதக்கும் துளியோ மில்லிமீற்றரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அவ்வளவு சிறிய துளியை அந்த அலை கண்டுகொள்வதே இல்லை. 1 கிலோமீற்றர் தடிப்புள்ள மூட்டத்தைக் கடந்து வந்தாலும் 0.1 டெசிபெல்கூடக் குறையாது. சமிக்ஞை பாதியாகக் குறைவதற்கு 3 டெசிபெல் போக வேண்டும்.

அப்படியானால் ஈரமான காலையில் மட்டும் ஏன் படம் போகிறது? காரணம் வானத்தில் இல்லை, டிஷ்ஷின் கை நுனியில் இருக்கிறது. அங்கே அலையை வாங்கும் சிறு பெட்டிதான் எல்.என்.பி. அதில் திருகியிருக்கும் கேபிள் முனை இணைப்பானை, அதாவது எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் குற்றவாளி அதுதான்.

ரிசீவர் பெட்டி அந்தக் கேபிள் வழியாகவே எல்.என்.பி.க்கு மின்சாரமும் அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் எல்.என்.பி. நிமிர்ந்து அதிரும் அலைகளைப் பிடிக்கும், 18 வோல்ட் போனால் படுத்து அதிரும் அலைகளைப் பிடிக்கும். மின்னழுத்தம் உள்ள செம்புக்கம்பியில் ஈரம் பட்டால் மின்பகுப்பு நடந்து உலோகம் அரிக்கிறது. அரித்த இடத்தில் மின்தடை கூடுகிறது. எல்.என்.பி. 150 மில்லிஅம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். இணைப்பில் 20 ஓம் தடை ஏறினால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 18 ஆகப் புறப்பட்டது 15 ஆகப் போய்ச் சேரும். 13-ஆ 18-ஆ என்று எல்.என்.பி. தடுமாறும் எல்லை அது. அதனால்தான் நிமிர்ந்த அலையில் வரும் பாதிச் சேனல்கள் தெளிவாக ஓட, படுத்த அலையில் வரும் மீதிப் பாதி மட்டும் சிக்னல் இல்லை என்கிறது. இந்த அறிகுறியைக் கண்டால் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். டிஷ்ஷின் திசை சரியாக இருப்பதால்தான் அந்தப் பாதியாவது வருகிறது.

மல்டிமீற்றர் வைத்திருப்பவர்களும் இங்கே ஏமாறுவதுண்டு. கேபிளை எல்.என்.பி.யிலிருந்து கழற்றி அளந்தால் மின்னோட்டமே இல்லாததால் 18 என்றே காட்டும். மூன்று முனையுள்ள டி-இணைப்பானை இடையில் போட்டு, எல்.என்.பி. ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் இழப்பு தெரியும்.

திருத்துவது கடினமல்ல. முதலில் ரிசீவரின் பிளக்கைக் கழற்றுங்கள். கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மி.மீ. நீண்டிருக்கட்டும். கேபிளுக்குள் அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பியின் ஓர் இழைகூட அதைத் தொடக் கூடாது. திருகிய பின் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓலை வேய்ந்ததுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடி நீரை வழிய விடும். சாதாரண பி.வி.சி. டேப் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், அதைவிடச் சும்மா விடலாம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிள் வாங்கும்போது ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். நடுக்கம்பி ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. விலை குறைவுதான், ஆனால் வெட்டிய முனை துருப்பிடிக்கும், மின்தடையும் அதிகம்.

மழையின் கதை வேறு. அது உண்மையான எதிரி. மணிக்கு 100 மி.மீ. வீதத்தில் கொட்டும் மழை ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சுமார் 5 டெசிபெல் விழுங்கும். போதாததற்கு மழையே ரேடியோ இரைச்சலை உமிழ்வதால் மிஞ்சிய சமிக்ஞையும் அதில் மூழ்குகிறது. ஆனாலும் கொழும்பைவிட நுவரெலியாவுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. சுமார் 5 கி.மீ. உயரத்துக்கு மேல் இருப்பது பனிக்கட்டி, அது அலையை அவ்வளவாக உறிஞ்சாது. 45 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேல் நிற்கும் செய்மதியை நம் டிஷ் ஏறத்தாழ 48 பாகை ஏற்றத்தில் பார்க்கிறது. அந்தச் சாய்வில் கடல்மட்டத்து வீட்டுக்கு வரும் அலை 6.7 கி.மீ. மழையைக் கடக்க வேண்டும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு 4.2 கி.மீ. போதும். மழையில் தொல்லை தாங்கவில்லை என்றால் 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. போடலாம். பரப்பு இரண்டேகால் மடங்காகி 3.5 டெசிபெல் கூடும்.

தகரக் கூரையில் மெல்லிய குழாயில் நிறுத்திய டிஷ்ஷைத் தென்மேற்குப் பருவக்காற்று சும்மா விடாது. 60 செ.மீ. டிஷ்ஷின் ஒரு விளிம்பு எதிர் விளிம்பைவிட 1 செ.மீ. முன்னே நகர்ந்தால் பார்வை 1 பாகை திரும்பிவிடும். அதில் கால்வாசிக்கும் சற்று அதிகமான சமிக்ஞை போகும். 2 செ.மீ. நகர்ந்தால் கால்வாசிதான் மிஞ்சும். டிஷ் எதிரே பார்ப்பதுபோலத் தோன்றினாலும், முட்டை வடிவ ஆஃப்செட் டிஷ் என்றால் அதன் பார்வை முகத்துக்கு 22 முதல் 25 பாகை மேலே போகிறது. முன்னால் வெளி தெரிகிறதே என்று நினைக்கும்போது, மேலே வளர்ந்த சவுக்கு மரத்தின் நனைந்த இலைகள் அலையை மறித்துக்கொண்டிருக்கும்.

டிஷ் இல்லாமல் கூரை அன்டெனாவை நம்பும் வீடுகளுக்கு மலைதான் சிக்கல். 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி தொடங்கியது. அதன் அலைகளைப் பரப்பும் பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரம். கணக்குப்படி அங்கிருந்து ரேடியோ அடிவானம் 200 கி.மீ.க்கு அப்பால். ஆனால் விளக்கின் அடியில்தான் இருட்டு. மலையடிவாரத்தில் மடிப்பு விழுந்த பள்ளத்தாக்கில் இருக்கும் தோட்டத்துக்கு நேர்ப்பார்வை கிடைப்பதில்லை. முகட்டில் வளைந்து இறங்கும் அலையே வந்து சேர்கிறது. 1.5 மீற்றர் அலைநீளமுள்ள வி.எச்.எஃப். ஓரளவு வளையும், அரை மீற்றர் அளவுள்ள யு.எச்.எஃப். அவ்வளவு வளையாது. எனவே ஒரே கோபுரத்திலிருந்து வந்தாலும் ஒரு சேனல் தெரியும், இன்னொன்று புள்ளி புள்ளியாக இருக்கும்.

எதிர்ப்பக்கப் பாறைச் சுவரில் மோதித் திரும்பும் அலை தாமதித்து வந்து, படத்தின் வலப்பக்கம் ஒரு நிழலுருவத்தைப் பதிக்கிறது. இதை அளவுகோல் வைத்தே அளக்கலாம். 32 அங்குல டிவியில் பக்கப்பட்டைகளோடு 4:3 படம் ஓடும்போது, நிழல் 1 செ.மீ. தள்ளி விழுந்தால் அந்த அலை சுமார் 300 மீற்றர் அதிகம் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். சமிக்ஞையைப் பெருக்கும் பூஸ்டர் போட்டால் நிழலும் சேர்ந்தே பெருகும். அன்டெனாவைப் பாறைக்கு முதுகு காட்டும்படி திருப்புவதுதான் மருந்து. நிழல் இல்லாமல் வெறும் புள்ளி மட்டும் என்றால் பூஸ்டர் உதவும், ஆனால் அதை டிவிக்குப் பின்னால் வைக்காமல் அன்டெனாக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். கேபிளில் தேய்ந்து வந்த சமிக்ஞையைக் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

ஆண்டில் இரண்டு முறை, மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும், வானம் பளிச்சென்று இருக்கும்போதே சில நாட்கள் படம் போகும். சூரியன் செய்மதிக்குப் பின்னால் வந்து நின்று தன் இரைச்சலை டிஷ்ஷில் கொட்டுவதால் அப்படி ஆகிறது. 45 பாகைச் செய்மதியைப் பார்க்கும் டிஷ்ஷுக்கு இது பிற்பகல் 3 மணியையொட்டி நேரும், சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்தில் ஸ்பேனரோடு கூரையேறியவர், நன்றாக இருந்த டிஷ்ஷைத் திருப்பிவிட்டுத்தான் இறங்குவார்.