‘அத்தியாவசிய நடுக்கம்’ என்னும் பிழையும் மூளை ஆழ்தூண்டலும்

கைகளை நடுங்கவைக்கும் எசென்ஷியல் ட்ரெமர் என்னும் நோய்க்குத் தமிழ் மருத்துவக் குறிப்புகள் சிலவற்றில் ‘அத்தியாவசிய நடுக்கம்’ என்ற பெயர் காணப்படுகிறது. அரிசியும் பருப்பும் அத்தியாவசியப் பொருட்களாக இருக்கலாம். நடுக்கம் யாருக்கு அத்தியாவசியம்? ‘எசென்ஷியல்’ என்பதற்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து வைத்ததால் நேர்ந்த பிழை இது.

இலத்தீனில் ‘எஸ்ஸே’ என்பது ‘இருத்தல்’ என்னும் வினை. அதிலிருந்து பிறந்த ‘எஸ்ஸென்ஷியா’ ஒரு பொருள் அதுவாகவே இருக்கும் தன்மையைக் குறித்தது. ‘இன்றியமையாதது’ என்ற பொருள் பின்னர்க் கிளைத்தது. மருத்துவர்கள் எடுத்துக்கொண்டது பழைய பொருளை. வேறொரு நோயின் விளைவாக அன்றித் தானே ஒரு நோயாக நிற்பதை அவர்கள் எசென்ஷியல் என்றனர். வெளிப்படையான காரணம் ஏதுமின்றி வரும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இதே அடைமொழி வழங்குகிறது. இத்தாலிய மருத்துவர் பியெத்ரோ புர்ரேசி 1874-இல் ஓர் இளைஞரின் நடுக்கத்தை விவரித்தபோது இச்சொல்லைப் பயன்படுத்தினார். நெடுங்காலம் இப்பெயரின் முன்னால் ‘தீங்கற்ற’ என்ற அடைமொழியும் சேர்ந்தே வந்தது. கையொப்பமிடவும் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவும் இயலாதவரிடம் உம் நோய் தீங்கற்றது என்று சொல்வது பொருந்தாது என்பதால் அது இப்போது கைவிடப்பட்டுவிட்டது.

‘நடுக்கம்’ என்ற சொல்லில் சிக்கலில்லை, ஆனால் அதற்கு ஒரு பழைய சுமை உண்டு. வள்ளுவர் ‘நடுக்கற்ற காட்சி யவர்’ (குறள் 654) என்னும்போது அது மனத்தின் தடுமாற்றம். இன்றும் கை நடுங்கினால் அச்சமோ குடியோ காரணம் என்றுதான் சுற்றியிருப்பவர்கள் முதலில் நினைக்கிறார்கள். சிறிது மது அருந்தினால் இந்த நடுக்கம் பலருக்குத் தற்காலிகமாகக் குறையும் என்பது அந்தத் தவறான எண்ணத்துக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. நடுக்குவாதம் என்று வழங்கும் பார்க்கின்சன் நோயும் இதுவும் ஒன்றல்ல. அதில் மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்குவது முதன்மையான அடையாளம். இதில் காப்பி தம்ளரைத் தூக்கும்போதும் எழுதும்போதும் கை ஆடுகிறது, சிலருக்குத் தலையும் குரலும் ஆடுகின்றன.

தமிழில் என்ன பெயர் சொல்வது? ‘முதல்நிலை நடுக்கம்’ என்றால் நோயின் தொடக்கக் கட்டம் என்று படிப்பவர் எண்ணுவார். ‘இயல்பு நடுக்கம்’ நலமான உடலிலும் உள்ள நுண்ணிய நடுக்கத்துக்கு உரியது. ‘காரணமறியா நடுக்கம்’ முழுப் பொருத்தமில்லை, ஏனெனில் பலரிடம் இது பரம்பரையாக வருவது தெரிந்ததே. இரு கைகளிலும் செயலின்போது தோன்றி, குறைந்தது 3 ஆண்டுகள் நீடித்து, வேறு நரம்பியல் அறிகுறிகள் உடன்வராத நடுக்கம் என்று 2018-இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த வரையறையையும், தானே நிற்கும் நோய் என்ற மூலப் பொருளையும் ஒருங்கே தாங்குவதால் ‘தனிநடுக்கம்’ என்பதையே நான் தேர்வேன்.

மருந்துகளுக்குக் கட்டுப்படாத தனிநடுக்கத்துக்குச் செய்யப்படும் டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன் ‘ஆழ்ந்த மூளை தூண்டுதல்’ என்று எழுதப்படும்போது, ஆழ்ந்த சிந்தனை உடைய மூளை ஏதோ தனியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆழ்துளைக் கிணறு என்னும் சொல்லில் ஆழம் துளைக்கு உரியதாக இருப்பதுபோல இங்கே ஆழம் தூண்டலுக்கு உரியது. ஆகவே ‘மூளை ஆழ்தூண்டல்’ என்பதே சரி. மூளையின் உள்ளே தாலமஸ் என்னும் பகுதியில் உள்ள, ‘கரு’ எனப்படும் ஒரு சிறு நரம்பணுத் திரளில் மெல்லிய மின்முனையைப் பொருத்தி, மார்புத் தோலடியில் வைத்த கருவியிலிருந்து இடைவிடாமல் மின்துடிப்புகளை அனுப்புவது இம்முறை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987-இல் பெனாபித், போல்லக் ஆகிய மருத்துவர்களின் குழு, அக்கருவை அழிக்கும் அறுவையின்போது நொடிக்கு 100-க்கு மேற்பட்ட துடிப்புகளைக் கொடுத்தால் எதையும் அழிக்காமலே நடுக்கம் அடங்குவதைக் கண்டது. அமெரிக்காவில் 1997-இல் ஒப்புதல் கிடைத்தது.

அடங்குவதற்குத் ‘தூண்டல்’ என்று பெயரிடலாமா என்று கேட்கத் தோன்றும். சிறுமூளையிலிருந்து தாலமஸ் வழியாகச் செல்லும் தாறுமாறான தாளத்தை விரைந்த துடிப்புகள் குலைக்கின்றன என்பதே பரவலான விளக்கம். ஆயினும் தமிழ்ச் சொல் இங்கே ஆங்கிலச் சொல்லைவிட அழகாகப் பொருந்துகிறது. விளக்கின் திரியைத் தூண்டுகோலால் சற்றே நகர்த்திவிடுவதும் தூண்டல்தானே. அதை ஒருமுறை செய்துவிட்டு இரவு முழுவதும் விட்டுவிட முடியாது.

நீண்ட காலப் பயனும் அவ்வாறே. தொடக்கத்தில் கை நடுக்கம் பெருமளவு குறைகிறது. பல ஆண்டுகள் கழித்தும் பலரிடம் பயன் நிலைக்கிறது, ஆனால் முதலாண்டில் இருந்த அளவுக்கு இருப்பதில்லை. அறுவைக்கு முன்பிருந்த நடுக்கத்தோடு, ஆண்டுகள் கழிந்து கருவியை நிறுத்திப் பார்க்கும்போது தெரியும் நடுக்கத்தை ஒப்பிட்டால் பின்னது கடுமையாக இருப்பது வழக்கம். அதாவது அடியில் நோய் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சிகிச்சை அறிகுறியை அடக்குகிறது, நோயை நிறுத்துவதில்லை. மின்முனை அமைந்த இடம் சில மில்லிமீட்டர் பிசகினாலும் பயன் குறையும். மின்னளவைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. பேச்சுக் குழறலும் நடையில் தள்ளாட்டமும் தலைகாட்டும், இருபக்கமும் தூண்டினால் இன்னும் மிகுதியாக. மின்கலமும் சில ஆண்டுகளில் தீர்ந்து மாற்றப்பட வேண்டும். மறுமின்னேற்றம் செய்யத்தக்கது நெடுங்காலம் வரும்.

பயன் குறைவதற்கான எஞ்சிய காரணத்தை மருத்துவர்கள் டாலரன்ஸ் என்பார்கள். இதைச் ‘சகிப்புத்தன்மை’ என்று பெயர்த்தால் நோயாளிக்குப் பொறுமை போதவில்லை என்று ஆகிவிடும். மூளை அதே துடிப்புக்குப் ‘பழகிப்போதல்’ என்பதுதான் நிகழ்வது. இதனால் உறங்கும் நேரத்தில் நடுக்கம் இல்லாததைப் பயன்படுத்திக் கருவியை இரவில் அணைத்துவைக்கும்படி மருத்துவர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர்.